தலைவெட்டுக் கோயிலும் தமிழ்ச் சங்கமும்

போன வாரம் வாட்ஸப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. மும்பைத் தமிழர் குழு ஒன்றில் யாரோ போட்டது. கோட்டைப் பகுதியில் உள்ள ஃப்ரீமேசன் மண்டபத்தில்தான் இந்தியாவின் தலையெழுத்தே எழுதப்படுகிறதாம். இலுமினாட்டி, சாத்தான், ஒற்றைக்கண், ரூபாய் நோட்டு என்று பதினோரு நிமிடம். நானும் முழுசாகக் கேட்டுத் தொலைத்தேன். :-)

இந்த பயம் நமக்குப் புதிதில்லை மக்களே. 1886-ல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியைப் புரட்டிப் பாருங்கள். வடக்கே மேசன் லாட்ஜுக்கு மந்திர வீடு என்ற பொருளில் 'ஜாதுகர்' என்று பெயர். தமிழ் நாட்டுப் பக்கம் 'தலைவெட்டுக் கோயில்'. புதிதாகச் சேருகிறவனின் தலையை வெட்டி, திரும்ப ஒட்டி உயிர் கொடுப்பார்கள் என்று நம் ஆட்கள் நம்பினார்களாம். நூற்று நாற்பது வருடமாகத் தலை வெட்டுவதையே பேசிக்கொண்டிருக்கிறோம். அங்கே உண்மையில் நடந்த சண்டையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்தச் சண்டை யாரை உள்ளே விடுவது என்பது பற்றி.

முதலில் நம்மூர்க் கதை. 1770களில் திருச்சியில் ஆற்காட்டு நவாப் முகமது அலியின் மகன் உம்தத்-உல்-உமரா ஒரு லாட்ஜில் சேர்ந்தார். மேசன் ஆன முதல் இந்தியர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். லண்டனிலிருந்து அவருக்கு அலங்கார ஏப்ரன் ஒன்றும் விதிமுறைப் புத்தகமும் பரிசாக வந்தன. சகோதரர் என்றார்கள். சரி, அந்தச் சகோதரத்துவம் என்ன ஆனது? அவர் 1795-ல் நவாப் ஆனார், 1801-ல் இறந்தார். அதே வருடம் கம்பெனிக்காரர்கள் கர்நாடக ராஜ்ஜியத்தை எடுத்துக்கொண்டு, அவர் மகனை ஒதுக்கிவிட்டு வேறொருவரைப் பெயரளவு நவாபாக உட்கார வைத்தார்கள். இளவரசனுக்குக் கதவைத் திறந்தார்கள், கஜானா சாவியைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள்.

இப்போது பம்பாய். 1758-லேயே இங்கே லாட்ஜ் வந்துவிட்டது. கடல் கடந்து வந்து, சாம்ராஜ்யத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர்களுக்கு அது ஊர்ச் சங்கம் மாதிரி. வேலை, கடன், கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டுமே. நமக்குத் தெரியாத தேவையா அது?

மானெக்ஜி கர்செட்ஜி என்ற பார்சிக்காரர் சேர விரும்பினார். 'பெர்சிவெரன்ஸ்' லாட்ஜ் மறுத்துவிட்டது. மனிதர் சளைக்கவில்லை. 1840களின் தொடக்கத்தில் ஐரோப்பா போனபோது பாரிஸில் மேசன் ஆகிவிட்டே திரும்பினார். அப்படியும் பம்பாயின் ஐரோப்பிய லாட்ஜ் இறங்கிவரவில்லை. அப்போது ஸ்காட்லாந்து கிராண்ட் லாட்ஜின் கீழ் மேற்கிந்தியாவுக்குத் தலைவராக இருந்தவர் ஜேம்ஸ் பர்ன்ஸ் என்ற டாக்டர். 1841-ல் காபூலில் கொல்லப்பட்ட அலெக்சாண்டர் பர்ன்ஸின் அண்ணன். இந்தியர்களைச் சேர்த்துக்கொள்வதற்கென்றே 1843 டிசம்பரில் 'ரைசிங் ஸ்டார் ஆஃப் வெஸ்டர்ன் இந்தியா' என்ற லாட்ஜை அவர்தான் தொடங்கினார். பார்சிகளும் முஸ்லிம்களும் உள்ளே வந்தார்கள். கல்கத்தாவில் ஓர் இந்துவைச் சேர்க்கலாமா என்ற வழக்காடல் பல வருடம் இழுத்து, 1872-ல்தான் பிரசன்ன குமார் தத் உள்ளே போக முடிந்தது. அதை வைத்துப் பார்த்தால் பம்பாய் முந்திக்கொண்டது.

"பார்த்தீர்களா, எவ்வளவு முற்போக்கு!" என்று இந்தக் கதையை முடிப்பது வழக்கம். என் சண்டை அந்த முடிவோடுதான்.

ஒன்று: மறுத்த லாட்ஜின் கதவை யாரும் திறக்கவில்லை. பக்கத்தில் இன்னொரு கதவு வைத்தார்கள். இரண்டு: அதில் நுழைந்தவர்கள் பணமும் ஆங்கிலமும் உள்ளவர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவனுக்கு எந்த நட்சத்திரமும் உதிக்கவில்லை. மூன்று: பெண்களுக்கு இடமே இல்லை. இத்தனைக்கும் இதே மானெக்ஜிதான் 1863-ல் பம்பாயில் பெண்களுக்கு ஆங்கிலப் பள்ளி தொடங்கியவர்!

இப்போது ஏன் இந்தப் பழங்கதை என்கிறீர்களா? மேட்டருக்கு வருகிறேன்.

செம்பூரில் குடியேறிய பிறகு நானும் ஒரு தமிழ் அமைப்பில் சேர விண்ணப்பம் வாங்கினேன். பெயர் வேண்டாம், ஆட்டோ வரும். :-) ஏற்கெனவே உறுப்பினராக உள்ள இருவர் முன்மொழிய வேண்டும், வழிமொழிய வேண்டும். செயற்குழு 'பரிசீலித்து' முடிவு சொல்லும். மறுத்தால் காரணம் சொல்லத் தேவையில்லை. குடும்பத்துக்கு ஒரு வாக்கு, அது குடும்பத் தலைவருக்கு. குடும்பத் தலைவர் என்றால் யார் என்று என் மனைவி கேட்டதற்கு, அலுவலகத்தில் சிரிப்புதான் பதில்.

லாட்ஜிலும் இதே கதைதான். ஆளைத் தெரிந்தவர்கள் பரிந்துரைப்பார்கள், ரகசிய வாக்கில் கருப்பு உருண்டை விழுந்தால் ஆள் வெளியே. நம்மிடம் உருண்டை மட்டும்தான் இல்லை.

எனக்கு முன்மொழிய அலுவலக நண்பர் கிடைத்தார். தாராவியிலிருந்து வந்து எங்கள் கட்டடத்தில் ஏ.சி. பழுது பார்க்கும் திருநெல்வேலித் தம்பிக்கு யார் கிடைப்பார்கள்? அவன் தாத்தா தோல் பதனிடும் வேலைக்கு இந்த ஊருக்கு வந்தவர். மூன்று தலைமுறை. நான் வந்து எட்டு வருடம். இதில் யார் மும்பைத் தமிழன்? "அவங்களுக்குத்தான் தாராவியில தனியா சங்கம் இருக்கே சார்" என்றார் ஒரு பெரியவர். 1843-ன் விடை அப்படியே! மறுத்தவன் கதவு மூடியே இருக்கும், மறுக்கப்பட்டவன் வேறு கதவு செய்துகொள்ள வேண்டும்.

இது தனியார் அமைப்பு, யாரைச் சேர்ப்பது என்பது எங்கள் உரிமை என்பார்கள். உரிமைதான், மறுக்கவில்லை. அப்படியானால் பலகையில் 'தமிழர்' என்று பொதுப்பெயர் எழுதாதீர்கள். சென்னையிலிருந்து அமைச்சர் வந்தால் 'மும்பைத் தமிழர்கள் சார்பில்' சால்வை போடாதீர்கள். தாராவியின் தலையையும் கணக்கில் காட்டித்தானே அந்தச் சால்வைக்கு மதிப்பு?

தரம் குறைந்துவிடும் என்ற வாதமும் உண்டு. எதன் தரம்? தாராவிப் பிள்ளைகள் பேசும் தமிழைக் கேட்டுவிட்டு, மாட்டுங்கா, செம்பூர் அடுக்குமாடிகளில் நம் பிள்ளைகள் பேசுவதையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். 1960களின் கடைசியில் தென்னிந்திய ஹோட்டல்கள் மேல் கல் விழுந்தபோது, எறிந்தவன் மாட்டுங்கா 'மதராஸி', தாராவி 'மதராஸி' என்று பிரித்துப் பார்க்கவில்லை. நாம்தான் பிரித்துக்கொள்கிறோம்.

என்ன செய்யலாம்? பெரிய புரட்சி ஒன்றும் வேண்டாம். முன்மொழிவு விதியை எடுங்கள், தமிழ் பேசுவேன் என்கிற ஒரு கையெழுத்து போதும். சந்தாவை மாதத் தவணையில் வாங்குங்கள். வயது வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு, மனைவிக்கும் மகளுக்கும் சேர்த்து. வருடத்தில் ஒரு பொதுக்குழுவைத் தாராவியில் நடத்துங்கள். செம்பூர்க்காரர்கள் பஸ் ஏறிப் போகட்டும்.

இலுமினாட்டியைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரகசியக் கூட்டம், பரிந்துரை, காரணம் சொல்லாத மறுப்பு எல்லாம் பார்க்கக் கோட்டை வரை ரயில் ஏற வேண்டாம். உங்கள் சங்கத்தின் விதிமுறைப் புத்தகத்தை வாங்கி, உறுப்பினர் சேர்க்கை பற்றிய பக்கத்தைப் படியுங்கள். அடுத்த பொதுக்குழுவில் எழுந்து நின்று கேளுங்கள். தலையை ஒன்றும் வெட்ட மாட்டார்கள்.