கரையிலேயே நிறுத்தப்பட்டவள்

சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை குளியல்! பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் பொங்கலூர் வட்டாரத்துப் பனியன் கம்பெனித் தொழிலாளிக்கு விடுமுறை அங்கேதான். ஆறு நாள் தையல் இயந்திரத்தோடு மல்லுக்கட்டியவன் பாலத்தின் மேலிருந்து குதிக்கிறான். குதிப்பது எளிது, ஏறுவதல்லவா அரிது! இருபுறமும் சரிந்த காங்கிரீட், அதன் மேல் வழுக்கும் பாசி. பற்றிக்கொள்ள ஒரு கயிறு உண்டா, சங்கிலி உண்டா? நீச்சல் தெரிந்தவனையே நீர் இழுத்துச் செல்கிறது. குடித்துவிட்டு இறங்கியவனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் நீரில் மூழ்கி மாண்டோர் 38,503 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். பெரும்பாலோர் ஆண்கள். உலகெங்கும் நிலை இதுதான். ஆண்களின் சாவு விகிதம் பெண்களுடையதைப் போல் இரு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

"பார்த்தீர்களா, பெண்கள் பத்திரமாக இருக்கிறார்கள்! அடக்கமாக வளர்த்ததன் பலன்!" என்று மீசை முறுக்குவோர் உண்டு. பத்திரமா? 2004 டிசம்பர் 26-ஐ மறந்துவிட்டீர்களா? அன்று ஆழிப்பேரலையில் நாகை மாவட்டத்தில் மாண்ட பெண்கள் 2,406, ஆண்கள் 1,883. கடலூரில் பெண்கள் 391, ஆண்கள் 146. ஆக்ஸ்ஃபாம் நிறுவனம் 2005-இல் வெளியிட்ட கணக்கு இது. ஆண்கள் படகில் கடலுக்குள் இருந்தார்கள். பெண்கள் மீனுக்காகக் கரையில் காத்திருந்தார்கள். அலை வந்தபோது குழந்தையைத் தூக்கினாள், சேலை காலைச் சுற்றியது, நீந்தவோ மரமேறவோ அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. தண்ணீர் பெண்ணைத் தேடி வந்த அன்று கணக்கு தலைகீழானது!

கடலோரத்துக் கதை நமக்கெதற்கு என்று கொங்கு நாட்டார் ஒதுக்கிவிட முடியுமா? இங்கே கிணறு இல்லாத தோட்டம் எது? பையனுக்குப் பத்து வயதானால் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளுகிறார் தகப்பனார். அவன் தங்கையோ மேட்டில் நின்று அண்ணனின் துணியைக் காவல் காக்கிறாள்! பெரியவளான பின் அந்தப் பெண்தான் அழுக்கு மூட்டையோடு வாய்க்காலுக்குப் போகிறாள். வழுக்கிய குழந்தையைப் பிடிக்க முதலில் பாய்பவளும் அவளே. நீந்தத் தெரியாதவள் பாய்ந்தால் பிணம் ஒன்றா, இரண்டா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். "கிணற்றில் தவறி விழுந்தாள்" என்று எழுதிக் கோப்பை மூடும் அவசரம் நமக்குப் பிடிக்கவில்லை. திருமணமாகி ஏழாண்டுக்குள் பெண் இறந்தால் கோட்டாட்சியர் விசாரிக்கிறார். எட்டாம் ஆண்டில் விழுந்தவளைத் தள்ளியது கல்லா, கணவன் வீடா என்று யார் கேட்பது?

வாய்க்காலில் குளிக்கும் துறைதோறும் படி வேண்டும், குறுக்கே பிடிகயிறு வேண்டும். பாழுங்கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் வேண்டும். பள்ளியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நீச்சல் வேண்டும். பெண்களுக்குக் கற்றுத்தரப் பெண் ஆசிரியைகள் வேண்டும். நீச்சல்குளம் கட்டப் பணமேது என்று அதிகாரிகள் கையை விரிக்க வேண்டாம். வங்கதேசத்தில் ஊர்க் குளத்திலேயே மூங்கில் மேடை கட்டிக் கிராமத்துக் குழந்தைகளுக்குக் கற்றுத் தந்தார்கள். மூங்கிலுக்கா இங்கே பஞ்சம்? அடுத்த சுற்றுத் தண்ணீர் திறப்பதற்குள் பொங்கலூரில் முதல் படிக்கட்டாவது கட்டப்படட்டும்.