பாட்டுப் பாடி மாட்டிக்கொண்ட கட்சி! லண்டனைக் கலக்கிய 'கலிப்சோ' தகராறு

ஒரு பாட்டு. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் சில நாட்களிலேயே பாடியவர் மன்னிப்புக் கேட்டார். இசைத்தட்டை வாபஸ் வாங்கச் சொன்னார். தர்மத்துக்குக் கொடுத்த பணத்தைக்கூட வாங்க ஆளில்லை!

இது நடந்தது 2014 அக்டோபரில், இங்கிலாந்தில்.

அப்போது அங்கே 'யுகிப்' என்ற கட்சிக்கு ஏறுமுகம். ஐரோப்பிய யூனியனிலிருந்து பிரிட்டன் விலக வேண்டும், வெளிநாட்டார் வந்து குடியேறுவதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதுதான் அதன் கோஷம். தலைவர் நைஜல் பராஜ். அந்த ஆண்டு மே மாதம் நடந்த ஐரோப்பிய பார்லிமெண்டு தேர்தலில் 24 இடங்களைப் பிடித்து, பெரிய கட்சிகளை எல்லாம் பின்னுக்குத் தள்ளியது. அக்டோபர் 9-ந் தேதி கிளாக்டன் இடைத்தேர்தலிலும் வெற்றி.

இந்த உற்சாகத்தில் வந்ததுதான் 'யுகிப் கலிப்சோ'.

பாடியவர் யார்?

மைக் ரீட். பி.பி.சி. வானொலியில் 1980-களில் காலை நிகழ்ச்சி நடத்திப் பெயர் வாங்கியவர். 1984-ல் 'ரிலாக்ஸ்' என்ற பாட்டு ஆபாசம் என்று முகம் சுளித்தவரும் இவரேதான். பி.பி.சி. அதற்குத் தடை போட்டது. தடை போட்ட பிறகு அந்தப் பாட்டு முதல் இடத்துக்குப் போனது தனிக் கதை!

அந்த ரீட், மேற்கிந்தியத் தீவுக்காரர் பேசுவதுபோல இழுத்து இழுத்துப் பாடினார். எல்லையைத் திறந்துவிட்ட பழைய தலைவர்களுக்குக் கிண்டல், சட்டவிரோதமாக வந்தவர்களுக்கு ஒரு குத்து, பராஜுக்குப் புகழ்மாலை. "இதை முதல் இடத்துக்குக் கொண்டு வாருங்கள்" என்று பராஜும் ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது தகராறு. "கறுப்பர்களின் பேச்சைக் கேலி செய்கிறார். இது இனவெறி" என்று கண்டனம் எழுந்தது. "சும்மா தமாஷ்தான். கலிப்சோவை இங்கிலீஷ்காரர் தோரணையில் பாடினால் எடுபடுமா?" என்பது ரீட் தரப்பு வாதம். வாதம் நிற்கவில்லை. யார் மனதையும் புண்படுத்த நினைக்கவில்லை என்று சொல்லி, பாட்டை வாபஸ் பெறும்படி கேட்டுக்கொண்டார்.

விற்ற பணத்தில் ஒரு பங்கு எபோலா நிவாரணத்துக்கு என்று சொல்லியிருந்தார்கள். பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கம் "எங்களுக்கு வேண்டாம்" என்று கைவிரித்தது. ஒரு கட்சியின் கொள்கையைப் பாடும் பாட்டு, நாங்களோ நடுநிலைக்காரர்கள், அகதிகளுக்கு உதவுகிறவர்கள் என்று காரணம் சொன்னது.

கலிப்சோ யார் சொத்து?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. கலிப்சோ டிரினிடாட் தீவில் பிறந்தது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததி பாடியது. மேலே உட்கார்ந்திருப்பவரைக் கீழே இருப்பவன் நையாண்டி செய்வதுதான் அதன் வேலை. 1930-களில் வெள்ளைக்கார சர்க்கார் அதற்குத் தணிக்கை வைத்ததும் அந்தப் பயத்தில்தான்.

1948 ஜூனில் 'விண்ட்ரஷ்' கப்பல் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து நூற்றுக்கணக்கானவர்களை ஏற்றிக்கொண்டு டில்பரி துறைமுகத்துக்கு வந்தது. வந்தவர்களில் ஒருவர் 'லார்ட் கிச்சனர்' என்ற கலிப்சோ பாடகர். லண்டனைப் புகழ்ந்து அவர் பாடியதைச் செய்திப்படக்காரர்கள் படம் பிடித்தார்கள். வந்தவன் வாழ்த்திப் பாடிய ராகத்தில், "இனி யாரும் வராதே" என்று பாடினால் சுருக்கென்று குத்தாதா?

இன்னொரு வேடிக்கை. யுகிப் அப்போது அதிகம் கத்தியது கிழக்கு ஐரோப்பாக்காரர்களைப் பற்றி. 2004-ல் போலந்து முதலான நாடுகள் யூனியனில் சேர்ந்ததும், அவர்கள் வேலை தேடி வர பிரிட்டன் உடனே கதவைத் திறந்தது. மேற்கிந்தியத் தீவுக்காரருக்கோ 1962 சட்டத்திலேயே கதவு பாதி சாத்தியாகிவிட்டது. கோபம் ஒருவர் மேல், கேலிக்கு எடுத்த குரல் இன்னொருவருடையது! ரீட் கெட்ட எண்ணத்தில் பாடினாரா என்பது அவருக்கே வெளிச்சம். ஆனால் யாருடைய குரல் என்று யாருமே யோசிக்கவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

ஓட்டு குறைந்ததா?

இல்லை. அடுத்த மாதமே, நவம்பர் 20-ந் தேதி, ராச்செஸ்டர் இடைத்தேர்தலிலும் யுகிப் ஜெயித்தது. 2015 பொதுத்தேர்தலில் கிடைத்தது ஒரே ஓர் இடம்தான்; ஆனால் வாங்கிய ஓட்டு சுமார் 39 லட்சம்.

பாட்டைக் கண்டித்தவர்கள் செய்தது சரிதான். ஆனால் ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் கூட்டம், வீட்டு வாடகை, கூலி குறைந்துவிடுமோ என்ற பயம், இவற்றால் யுகிப் பக்கம் போனவருக்கு அந்தக் கண்டனத்தில் பதில் இல்லை. "இனவெறி" என்று சொன்னதோடு பலர் வேலை முடிந்தது என்று போய்விட்டார்கள். 2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் 52 சதவீதம் பேர் "விலகு" என்றார்கள்.

கேலிக்கு ஆளான குரலுக்கு உரியவர்கள் கதை? 2018-ல் வெளியே வந்தது. சிறு வயதில் முறைப்படி வந்து, பல பத்தாண்டுகள் வேலை பார்த்து வரி கட்டிய மேற்கிந்தியத் தீவுக்காரர்களிடம் "காகிதம் எங்கே?" என்று கேட்டிருக்கிறார்கள். வேலை போனவர் உண்டு. சிகிச்சை மறுக்கப்பட்டவர் உண்டு. நாடு கடத்தப்பட்டவரும் உண்டு. உள்துறை மந்திரி ஆம்பர் ரட் அந்த ஏப்ரலில் ராஜினாமா செய்தார்.

பராஜ்? கட்சி மாறினார். 2024 ஜூலையில், அதே கிளாக்டன் தொகுதியில் நின்று எம்.பி. ஆனார்.