பூம்பூம் மாடும் கௌபாய் பாட்டும்

பொங்கல் நெருங்கும் நாட்களில், கோட்டூர்புரம் போன்ற சென்னைப் பேட்டைகளில் சில சமயம் உருமிச் சத்தம் கேட்கும். குழந்தைகள் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி ஓடி வருவார்கள். தெருவில் பூம்பூம் மாடு நிற்கும். முதுகில் பல வண்ணத் துணி, கொம்பில் குஞ்சம், கழுத்தில் மணி.

"அம்மா வீட்டுக்கு நல்ல சேதி வருமா?" என்று மாட்டுக்காரர் கேட்பார். மாடு தலையை ஆட்டும். வீட்டுக்கார அம்மாள் ஒரு பழைய சட்டையோ, சில்லறையோ, கொஞ்சம் அரிசியோ கொண்டுவந்து கொடுப்பார். மாடு அடுத்த வீட்டுக்குப் போகும்.

மாட்டோடு வாழ்ந்து, மாட்டோடு பாடிப் பிழைத்தவர்கள் உலகம் எங்கும் உண்டு. அமெரிக்காவில் அவர்களுக்குக் "கௌபாய்" என்று பெயர். அங்கே அவர் கதாநாயகர். அவர் பாட்டுக்கு இசைத்தட்டு உண்டு, சினிமா உண்டு, ஆண்டுதோறும் விழா உண்டு. இங்கே அவருக்குப் பழைய சட்டை!

ஏன் இந்த வித்தியாசம்? அதைத் தெரிந்துகொள்ள, முதலில் அமெரிக்காவுக்குப் போய் வர வேண்டும்.

ராத்திரிக் காவல்

1865ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தது. டெக்சாஸ் மாநிலத்தில் மாடுகள் ஏராளம். வாங்க ஆள் இல்லை. வடக்கே இருந்த நகரங்களிலோ மாட்டிறைச்சிக்குக் கிராக்கி. ஆகவே மாடுகளை நடத்தியே கொண்டுபோனார்கள். 1867 முதல் கான்சாஸ் மாநிலத்தில் உள்ள அபிலீன் என்ற ஊர் வரை ஓட்டிச் சென்று, அங்கே ரெயிலில் ஏற்றினார்கள். ஒரு மந்தையில் 2,000, 3,000 மாடுகள் இருக்கும். கூடப் போகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். பிரயாணம் இரண்டு மூன்று மாதம் பிடிக்கும்.

பகலிலும் கஷ்டம் உண்டு. ராத்திரியில் ஆபத்து அதிகம். இடி இடித்தாலும், நரி ஊளையிட்டாலும், ஏன், ஒரு பாத்திரம் கீழே விழுந்தாலும் போதும். மந்தை முழுவதும் மிரண்டு ஓடும். குறுக்கே அகப்பட்டவர் கதி அதோகதிதான். ஆகவே இரண்டு பேர் குதிரைமேல் ஏறி, மந்தையைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். வரும்போது மெல்லிய குரலில் பாடிக்கொண்டே வருவார்கள். பழகிய மனிதர் குரல் கேட்டால் மாடு பயப்படாது; படுத்து அசை போடும்.

இதுதான் கௌபாய் பாட்டின் பிறப்பு. அது மாட்டுக்காகப் பாடிய தாலாட்டு!

இந்த வேலை செய்தவர்கள் எல்லாரும் சினிமாவில் வருவதுபோல வெள்ளைக்காரர்கள் அல்லர். ஏறக்குறைய நாலில் ஒருவர் கறுப்பின மக்கள் என்பது சரித்திர ஆசிரியர்கள் கணக்கு. மெக்சிகோக்காரர்களும் நிறைய இருந்தார்கள். மாட்டை மடக்கும் வித்தையைச் சொல்லிக் கொடுத்ததே அவர்கள்தான்.

முள்கம்பி வந்தது

இந்த வாழ்வு ஏறக்குறைய இருபது ஆண்டுதான் நிலைத்தது. 1874ல் கிளிடன் என்பவர் முள்கம்பிக்கு உரிமைப் பட்டயம் வாங்கினார். திறந்து கிடந்த புல்வெளி துண்டு துண்டாக வேலிக்குள் போயிற்று. ரெயில் பாதையும் டெக்சாசுக்கே வந்துவிட்டது. மாட்டை நடத்திச் செல்லும் வேலை போயிற்று.

வேலை போன பிறகுதான் பாட்டுக்குப் புகழ் வந்தது! 1910ல் ஜான் லோமாக்ஸ் என்பவர் கௌபாய் பாட்டுகளைச் சேகரித்துப் புத்தகமாகப் போட்டார். 1930களில் ஜீன் ஆட்ரி, ராய் ரோஜர்ஸ் ஆகிய நடிகர்கள் பாடும் கௌபாய்களாகத் திரையில் தோன்றினார்கள். ஆட்ரி, ரெயில்வேயில் தந்தி அடித்துக்கொண்டிருந்தவர். ரோஜர்ஸ், சின்சினாட்டி நகரத்தில் பிறந்து, செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இருவரும் நன்றாகத்தான் பாடினார்கள். ஆனால் ராத்திரிக் காவலுக்குப் போய்த் தொழில் கற்றவர்கள் அல்லர்.

தமிழ் சினிமாவும் சும்மா இருக்கவில்லை. 1972ல் ஜெய்சங்கர் நடிக்க, கர்ணன் டைரக்‌ஷனில் "கங்கா", "ஜக்கம்மா" ஆகிய படங்கள் வந்தன. தொப்பி வந்தது. துப்பாக்கி வந்தது. குதிரையும் வந்தது. மாடுதான் வரவில்லை! மாட்டைப் பார்க்க வேண்டுமானால் 1970ல் வந்த எம்.ஜி.ஆரின் "மாட்டுக்கார வேலன்" படத்துக்குத்தான் போக வேண்டும்.

வண்டிக்காரர் தெம்மாங்கு

உண்மையான ராத்திரிப் பாட்டு நம்மிடமும் இருந்தது. சந்தைக்கு மூட்டை ஏற்றிச் செல்லும் மாட்டு வண்டிகள் ராத்திரியில்தான் கிளம்பும். வெயில் இல்லை; மாட்டுக்கு இளைப்பு இல்லை. வண்டிகள் வரிசையாகப் போகும். முன் வண்டிக்காரர் தெம்மாங்கு எடுப்பார். பின்னால் வருபவர் பதில் பாடுவார். தூங்காமல் இருக்க ஒரு வழி, மாட்டுக்கும் துணை. கிணற்றில் கவலை இறைப்பவரும் இப்படித்தான். மாடு முன்னே போகும்போது ஓர் இழுப்பு, பின்னே வரும்போது ஓர் இழுப்பு. பாட்டின் தாளத்தைப் போட்டது மாட்டின் கால்.

பம்பு செட் வந்ததும் கவலைப் பாட்டு நின்றது. லாரி வந்ததும் வண்டிப் பாட்டு நின்றது. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. கவலை இறைத்தவர் முதுகைக் கேட்டால், பம்பு செட்டின் அருமை தெரியும்.

நல்ல வேளையாகச் சிலர் இந்தப் பாட்டுகளை ஏட்டில் ஏற்றினார்கள். பெர்சி மாக்வீன் என்ற ஆங்கில அதிகாரி சேகரித்தவற்றைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்து, "மலையருவி" என்ற பெயரில் 1958ல் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் வெளியிட்டது. பேராசிரியர் நா. வானமாமலையின் "தமிழர் நாட்டுப்பாடல்கள்" 1964ல் வந்தது. இவை லோமாக்சின் புத்தகத்துக்கு எந்த வகையிலும் குறைந்தவை அல்ல.

வேலிக்குள் ஒரு காடு

அமெரிக்காவில் மாடு வளர்க்கும் பெரிய பண்ணைக்கு "ராஞ்ச்" என்று பெயர். நம் நாட்டிலும் அதற்கு ஒரு சகோதரன் உண்டு. அதன் பெயர் கொறங்காடு. காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கம் போனால் பார்க்கலாம்.

காடு என்றால் புலி இருக்கும் காடு அல்ல. சில ஏக்கர் மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை முள் வேலி. முள்கம்பி அல்ல, உயிருள்ள செடி. உள்ளே கொழுக்கட்டைப் புல் தானாக முளைக்கும். நடுநடுவே வெள்வேல மரம். அதன் நிழலில் மாடு படுக்கும். உதிரும் காயைத் தின்னும். படலைச் சாத்திவிட்டால் மேய்க்க ஆள் வேண்டாம். மழை குறைந்த கொங்குச் சீமையில், உழுது பயிரிடுவதைவிட இதுவே மேல் என்று பெரியவர்கள் கண்டுபிடித்த ஏற்பாடு இது.

காங்கயம் மாடு வளர்ந்தது இந்த வேலிக்குள்தான். கன்று பிறக்கும்போது சிவப்பாக இருக்கும். ஆறு மாதம் ஆனதும் சாம்பல் நிறமாகும். காளை ஆனதும் திமிலும் முன்னங்காலும் கறுக்கும். உழைப்புக்குப் பெயர் போன ஜாதி. ஆனால் பசு இரண்டு மூன்று லிட்டர் பால்தான் தரும். வீட்டுச் செலவுக்குப் பால் விற்கும் குடும்பம் கலப்பினப் பசுவைத்தானே வாங்கும்? 2012க்கும் 2019க்கும் இடையே இந்தியாவில் நாட்டு மாடுகள் 6 சதவீதம் குறைந்தன. அயல்நாட்டு, கலப்பின மாடுகள் ஏறக்குறைய 27 சதவீதம் பெருகின. இது சர்க்காரின் கால்நடைக் கணக்கு.

மாடு குறைந்தால் கொறங்காடு எதற்கு? நிலத்துக்கு இப்போது நல்ல விலை. ஒருவர் வீட்டு மனைக்கு விற்கிறார். இன்னொருவர் சூரிய மின்சாரத் தகடு வைக்க விடுகிறார். கிளுவை வேலி போய், முள்கம்பி வருகிறது. கான்சாசில் நடந்த கதைதான்.

உருமிக்கு ஆடும் எருது

இதே கொங்கு நாட்டில், உடுமலைப்பேட்டை அருகே சோமவாரப்பட்டி இருக்கிறது. அங்கே ஆல்கொண்டமால் கோயில் உண்டு. மாட்டைக் காக்கும் சாமி என்று சுற்று வட்டார விவசாயிகள் கும்பிடுகிறார்கள். பொங்கல் திருவிழாவுக்குக் குடம் குடமாகப் பால் வரும். மண்ணால் செய்த மாட்டு உருவங்கள் காணிக்கையாக வரும்.

பொங்கல் நாளில் பிறக்கும் கன்றைச் சாமிக்கு என்று விடுவார்கள். அது வளர்ந்தால் "சலகெருது". அதை ஏரில் பூட்டமாட்டார்கள். கம்பளத்து நாயக்கர் சமூகத்தார் அதை உருமிக்கு ஆடப் பழக்குவார்கள். கையில் கம்புடன் ஆட்டக்காரர் முன்னே நின்று அடி வைப்பார். உருமி உறுமும். எருது முட்டுவதுபோல முன்னே வரும், அவர் விலகுவார். மறுபடியும் வரும். பார்ப்பவர்களுக்கு மனிதன் மாட்டை ஆட்டுகிறானா, மாடு மனிதனை ஆட்டுகிறதா என்று சந்தேகம் வந்துவிடும்! (ஜெய்சங்கர் படத்துக்குப் பெயர் கொடுத்த ஜக்கம்மா, இதே சமூகத்தாரின் குலதெய்வம். கௌபாய் படத்துக்குப் பெயர் மட்டும் சரியான இடத்திலிருந்துதான் வந்திருக்கிறது.)

பூம்பூம் மாட்டுக்காரர் கையில் இருப்பதும் உருமிதான். அவர் மாட்டுக்குப் "பெருமாள் மாடு" என்றும் பெயர் உண்டு. சலகெருது ஊரில் தங்கிவிட்டது. பூம்பூம் மாடு ஊர் ஊராகச் சுற்றுகிறது. சலகெருதுக்குக் கோயிலும் மேய்ச்சலும் உண்டு. பூம்பூம் மாட்டுக்கு இரண்டும் இல்லை, தெருவே கதி.

கோர்ட்டுக்குப் போன காளை

2011 ஜூலையில் மத்திய சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கி வேடிக்கை காட்டக் கூடாது என்ற பட்டியலில் காளையும் சேர்ந்தது. 2014 மே 7ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2017 ஜனவரியில் மெரினா கடற்கரையில் இளைஞர்கள் திரண்டார்கள். தமிழ்நாட்டுச் சட்டசபை புதுச் சட்டம் செய்தது. 2023 மே 18ந் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்சு அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

அந்தப் போராட்டத்துக்கு முன்பே, 2016ல், "ஹிப்ஹாப் தமிழா" குழுவின் "டக்கரு டக்கரு" பாட்டு நாட்டுக் காளையைப் பட்டணத்துப் பிள்ளைகளிடம் கொண்டுபோயிருந்தது. மாடு கட்டத் தெரியாத பிள்ளைகளும் காளைக்காகக் கடற்கரையில் ராத்திரி பகலாக உட்கார்ந்தார்கள். அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

ஆனால் காளை வாடிவாசலில் நிற்பது வருஷத்தில் ஒரு நிமிஷம். மீதி நாளெல்லாம் அது மேய வேண்டும். அதற்காகக் கூட்டம் கூடவில்லை.

மேய்ச்சலுக்குத் தடை

2022 மார்ச்சில் சென்னை ஐகோர்ட்டு, தமிழ்நாட்டுக் காடுகள் எதிலும் மாடு மேய்க்கக் கூடாது என்று உத்தரவிட்டது. சில நாட்களில் அதை மாற்றி, சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகிய இடங்களுக்கு மட்டும் என்று குறைத்தது. அப்படியும் தேனிப் பக்கத்து மலைமாட்டுக்காரர்கள் கவலைப்படுகிறார்கள். மேகமலை 2021ல் புலிகள் காப்பகத்தில் சேர்ந்துவிட்டது. ஈரோடு மாவட்டத்தில் பர்கூர் மலை இருக்கும் பகுதியில் 2024 ஜனவரியில் தந்தை பெரியார் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. செவலையில் வெள்ளைத் திட்டு போட்ட பர்கூர் மாடு, காட்டுக்குள் பட்டி போட்டு வளர்ந்த மாடு.

காட்டிலாகா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மந்தை நுழைந்தால் மானுக்குப் புல் குறையும். ஊர் மாட்டு நோய் காட்டு மாட்டுக்குப் பரவும். ஆனால் தலைமுறை தலைமுறையாக மேய்த்தவர்களுக்கு மேய்ச்சல் உரிமை உண்டு என்று 2006ல் பாராளுமன்றமே சட்டம் செய்திருக்கிறது. எந்தக் காட்டில், எத்தனை மாடு, எந்த மாதம் என்று இருவரும் உட்கார்ந்து பேசினால் கணக்குப் போட்டுவிடலாம். ஒரேயடியாகக் கதவை அடைப்பது சுலபம். அதனால்தான் முதலில் அதைச் செய்கிறார்கள்.

நூலகத்தில் பாட்டு, தெருவில் பாடகர்

கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 செப்டம்பர் 15ந் தேதி திறக்கப்பட்டது. பக்கத்திலேயே தமிழ் இணையக் கல்விக்கழகம் இருக்கிறது. பழைய தமிழ்ப் புத்தகங்களைப் படம் பிடித்து, வீட்டில் இருந்தே காசில்லாமல் படிக்கும்படி செய்கிறது. 2023 முதல் மீண்டும் நடக்கும் "சென்னை சங்கமம்" விழாவில், பொங்கல் சமயத்தில் நகரத்து மேடைகளில் உருமி முழங்குகிறது. இதெல்லாம் நல்ல காரியம்தான்.

ஆனால் அமெரிக்கர்கள் தாமதமாகக் கற்ற பாடம் ஒன்று இருக்கிறது. நெவாடா மாநிலத்தில் எல்கோ என்ற சிற்றூரில் 1985 முதல் குளிர்காலத்தில் கௌபாய் கவிஞர்களும் பாடகர்களும் கூடுகிறார்கள். அங்கே மேடை ஏறுபவர்களில் பலர் இன்னும் மாட்டுப் பண்ணையில் வேலை செய்பவர்கள். விழா முடிந்ததும் பண்ணைக்குத் திரும்பி, மாட்டுக்கு வைக்கோல் போடப் போவார்கள்.

பூம்பூம் மாட்டுக்காரர் எங்கே திரும்பிப் போவார்? அவர்கள் ஆதியன் என்ற பழங்குடியினர். தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியலில் முதலில் இருக்கும் பெயரே அதுதான். இருந்தும் ஜாதிச் சான்றிதழ் வாங்க அந்தக் குடும்பங்கள் பல ஊர்களில் அலைகின்றன. நிலையான விலாசம் இல்லாதவரிடம் விலாசம் கேட்டால் என்ன செய்வார்? சான்றிதழ் இல்லாவிட்டால் பிள்ளைக்கு உதவித் தொகை இல்லை. மேல் படிப்பில் இடம் கிடைப்பது கஷ்டம். பையன் பள்ளியை விட்டுவிட்டு உருமியைத் தூக்குகிறான். அவன் அதை விரும்பித் தூக்கினால் வேறு விஷயம்.

ஆகவே அடுத்த தடவை வாசலில் மாடு தலையாட்டும்போது, பழைய சட்டையோடு உள்ளே திரும்பிவிட வேண்டாம். "தம்பி, எத்தனாவது படிக்கிறாய்?" என்று கூட வரும் பையனைக் கேட்டுப் பாருங்கள். அதற்கு மாடு பதில் சொல்லாது. அவன்தான் சொல்ல வேண்டும்.