கேட்ல நோட்டு இருக்கா பாஸ்?

ஓசூர் சிப்காட்ல எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கேட்ல நோட்டு நீட்டுவாங்க: யாரு, எப்போ, எதுக்கு? சாஃப்ட்வேர் கன்டெய்னர்களை மேய்க்கிற குபர்நெட்டிஸ்லயும் அந்த நோட்டு உண்டு. பேரு ஆடிட் லாக். ஆனா, நீங்களே நிறுவுற கிளஸ்டர்ல அது தானா ஓடாது! ஏ.பி.ஐ. சர்வர் செட்டிங்ல ‘ஆடிட்-பாலிசி-ஃபைல்’, ‘ஆடிட்-லாக்-பாத்’ ரெண்டும் இருக்கான்னு பாருங்க. ‘ஆடிட்-லாக்-மேக்ஸ்ஏஜ்’ 30-ன்னு இருந்தா, 30 நாள் தாண்டின பக்கம் காலி. மத்திய அரசின் செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி லாக் 180 நாள் இருக்கணும். சீக்ரெட்டுகளுக்கு ‘மெட்டாடேட்டா’ லெவல் போதும். மேலே போனா பாஸ்வேர்டும் நோட்டுல ஏறிடும். திருட்டு நடந்தப்புறம் நோட்டு வாங்கினா, பழைய பக்கத்தை யாரு எழுதித் தருவா?