கேஸ் போட்டால் மட்டும் போதுமா?



ஜூன் 26 போதைப்பொருள் ஒழிப்பு நாள். அன்னைக்கு வரிசையில் நின்னு, கை நீட்டி உறுதிமொழி எடுக்கிறோம். நல்லதுதான். ஆனால் ஏற்கெனவே அடிமையானவங்களை என்ன செய்யறது? அதை யாரும் பேசறதில்லை.

கஞ்சா விற்கிறவரும் கஞ்சாவுக்கு அடிமையானவரும் ஒண்ணு இல்லை. சட்டமே அப்படித்தான் பார்க்குது. 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கு. போதைப்பொருள் பயன்படுத்தியோ, சிறிய அளவு வைத்திருந்தோ மாட்டிய அடிமை, தானே முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் அவர்மேல் வழக்கு நடத்த மாட்டாங்க. பாதியில் ஓடி வந்தால் அந்தச் சலுகை போயிடலாம். 39-வது பிரிவின்படி, குற்றம் உறுதியான பிறகும் ஜெயிலுக்குப் பதிலாகச் சிகிச்சைக்கு அனுப்ப நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. இது நம்ம ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

திருட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. எங்க தெரு அண்ணன் ஒருத்தர் கஞ்சாவுக்குக் காசில்லாமல் ஒரு ஆயாவோட தோட்டைத் திருடினார். ஜெயிலுக்குப் போய் வந்தார். இப்போ தக்காளி மண்டியில் கூடை தூக்கக்கூட அவரைக் கூப்பிடறதில்லை. பழைய கூட்டாளிங்க மட்டும்தான் கூப்பிடறாங்க! ஆயா சொல்லுது: "அவன் உள்ள இருந்து எனக்கு என்னடி ஆச்சு? வேலை செஞ்சு என் தோட்டக் குடுக்கட்டும். இனிமே திருடாம இருக்கட்டும்." இதைவிட நல்ல தீர்ப்பு இருக்கா?

"அப்படி விட்டால் பயம் போயிடுமே" என்று கேட்பீங்க. விற்கிறவங்களை விடச் சொல்லலை. 20 கிலோவுக்கு மேல் கஞ்சா வைத்திருந்தால் குறைந்தது 10 வருஷம் ஜெயில். நம்மைப் போன்ற பிள்ளைகளுக்குக் கொடுத்தால் 7 வருஷம் வரை. அது அப்படியே இருக்கட்டும். ஆனால் அடிமையானவருக்குச் சிகிச்சையும் வேணும், இழப்பைத் திருப்பித் தரும் பொறுப்பும் வேணும், அதற்கு ஒரு வேலையும் வேணும். வேலையே கொடுக்காமல் "திருந்து" என்றால் எப்படித் திருந்துவார்?

சாந்தி ரங்கநாதன் அம்மா தன் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர். 1980-ல் சென்னையில் அவர் போதை மீட்பு மருத்துவமனை தொடங்கினார். அங்கே குடும்பத்தாருக்கும் ஆலோசனை உண்டு. ஏன்னா, திருந்தி வர்றவர் திரும்பி வர இடம் வீடுதான்.

போதைப்பொருள் விற்பனை பற்றிப் புகார் சொல்ல 10581. மீண்டு வர உதவி கேட்க 14446. இரண்டுமே இலவச எண்கள். நம்ம பள்ளிச் சுவரில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதணும் என்பது என் கருத்து. உங்க கருத்து என்ன?

– ஒன்பதாம் வகுப்பு மாணவி