மருந்தின் ஐந்தாம் கூறு

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்" என்பது நம்மவர் நாவிற் பழகிய பழமொழி. அதனைப் பல்லாண்டுகளாக மாணவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். எனினும் அதன் மறுபாதியை 2022ஆம் ஆண்டில், ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற பின்னரே கற்றுக்கொண்டேன். நோய் தனக்கு வந்தவனுக்கே தெரியுமாயின், அதனை எதிர்நோக்கி நிற்பவன் யாரிடம் கேட்டறிவது? வந்து மீண்டவனிடமன்றோ கேட்கவேண்டும்?

இளமையிற் கண்ட மூட்டுவாதக் காய்ச்சல் என் இருதயத்தின் ஈரிதழ் வால்வைச் சிறுகச் சிறுகத் தடிப்பித்துச் சுருக்கிவிட்டது. அதனை அகற்றிச் செயற்கை வால்வு பொருத்தவேண்டும் என்றனர் வைத்தியர். அந்த ஆண்டில் நாடு பட்ட பாட்டை வாசகர் மறந்திரார். அந்நியச் செலாவணி வற்றிற்று. மருந்துகளுக்கும் சத்திரசிகிச்சைப் பொருள்களுக்கும் தட்டுப்பாடு வந்தது. அவசரமல்லாத சத்திரசிகிச்சைகள் பல வைத்தியசாலைகளில் ஒத்திவைக்கப்பட்டன. எனக்குக் குறித்த நாளும் இருமுறை தள்ளிப்போயிற்று.

காத்திருத்தல் ஒரு தனி நோய். வைத்தியர் எனக்குள்ள ஆபத்தை நூற்றுக்கு இத்தனை என எண்ணாற் கூறினார். அவர் கூறியது உண்மை. ஆயினும் அது நூறு பேரைப் பற்றிய உண்மை, என்னைப் பற்றியதன்று. உறவினர், "ஒன்றும் நடவாது, யோசியாதையுங்கோ" என்றனர். அது என்னைப் பற்றியது. ஆயினும் அதனைச் சொல்வதற்கு அவர்களிடம் அன்பைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு வெற்றிடம் இருந்தது. அந்த வெற்றிடத்திலேதான் நான் இரவுகளைக் கழித்தேன்.

அக்காலத்தில் என் பழைய மாணவன் ஒருவன் என்னை ஒரு வட்ஸ்அப் குழுவிற் சேர்த்துவிட்டான். 2020இற் கொரோனாக் கொள்ளைநோய் வந்து, வைத்தியசாலை விடுதிகளிற் பார்வையாளர் தடுக்கப்பட்டபோது, கட்டிலிற் தனித்துக் கிடந்த இருதய நோயாளர் சிலர் தம்முட் பேசிக்கொள்ளத் தொடங்கிய குழு அது. வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் இருப்பவர்கள். ஒருவரையொருவர் நேரிற் காணாதவர்கள். அவர்களுள் ஹற்றனைச் சேர்ந்த பேருந்து நடத்துநர் ஒருவர் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இதே வால்வை மாற்றிக்கொண்டவர். ஒரு மாலை அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"மயக்கம் தெளிஞ்சதும் இருமல் வரும் சேர். பயப்படாதீங்க. ஒரு தலையணைய நெஞ்சோட இறுக்கிப் பிடிச்சிக்கிட்டு இருமுங்க. ராத்திரியில நெஞ்சுக்குள்ள மணிக்கூடு மாதிரி ஒரு சத்தம் கேக்கும். அது புது வால்வு மூடுற சத்தம். மொத மாசம் தூக்கம் வராது. பொறகு அந்தச் சத்தம் கேக்காட்டித்தான் பயம் வரும்."

சத்திரசிகிச்சை முடிந்து விடுதிக்கு வந்த பின், மின்விளக்குகள் அணைந்த ஓர் இரவில், அந்த ஒலியை நான் முதன்முதலாகக் கேட்டேன். முன்னரே சொல்லப்படாதிருந்தால், உள்ளே ஏதோ உடைந்துவிட்டதென்று அலறியிருப்பேன். அன்றோ, தெரிந்தவர் ஒருவர் வந்து கதவைத் தட்டியது போல இருந்தது. வைத்தியர் அதனைச் சொல்லாதது அவருடைய குற்றமன்று. அவர் ஆயிரம் வால்வுகளைப் பொருத்தியிருக்கலாம், ஒன்றோடேனும் உறங்கியதில்லை.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் இறுதியில், நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிசெய்பவன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். இந்நான்கும் இன்றியமையாதன. ஆயினும் அந்த ஹற்றன் நண்பரை இந்நான்கனுள் எங்கே வைப்பது? அவர் நோயுற்று மீண்டவர், தீர்ப்பவர் அல்லர், கையில் மருந்தும் இல்லை, அருகிலும் இல்லை. அவரை ஐந்தாம் கூறு என்றே கொள்ளத் துணிகிறேன்.

இந்த ஐந்தாம் கூறு கைத்தொலைபேசியோடு பிறந்ததன்று. 1905இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் யோசப் பிராட் என்ற வைத்தியர், சனற்றோரியம் செல்லப் பொருளற்ற காசநோயாளரை வாரந்தோறும் ஓரிடத்திற் கூட்டினார். உணவு, ஓய்வு, சுத்தமான காற்று ஆகியவற்றைப் பற்றித் தனித்தனியே சொல்வதைக் கூட்டமாகச் சொன்னால் நேரம் மிச்சமாகும் என்பதே அவர் எண்ணம். ஆயின், வெவ்வேறு இனத்தினரும் மதத்தினருமான அவர்களை ஒரே நோய் ஒரே குடும்பமாக்கியதையும், ஒருவர் தேறுவது கண்டு மற்றவர் ஊக்கம் கொண்டதையும் அவர் கண்டார். வைத்தியர் பாடஞ்சொல்லக் கூட்டிய வகுப்பில் நோயாளரே ஒருவருக்கொருவர் ஆசிரியராயினர்.

அதே நகரில் 1948இல் டுவைற் ஹார்க்கன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், என்னுடையதைப் போன்று சுருங்கிய ஈரிதழ் வால்வைத் திறக்கும் சிகிச்சையைத் தொடங்கினார். முதற்கட்டத்திற் பலர் மாண்டனர். இருதயத்திற் கத்தி வைத்த பின்னும் ஒருவர் எழுந்து நடப்பார் என்பதை எளிதில் நம்பமுடியாத காலம் அது. 1951இல் அவரிடம் சிகிச்சை பெற்றுத் தேறிய நால்வர் கூடி, செப்பனிடப்பட்ட இருதயங்கள் என்னும் பொருள்படப் பெயரிட்டு ஒரு சங்கம் அமைத்தனர். சிகிச்சைக்குக் காத்திருப்போரின் கட்டிலருகே சென்று அமர்வதே அச்சங்கத்தாரின் தலையாய பணி. இறுதிக் கையெழுத்திடத் தயங்கும் ஒருவருக்கு, தன் காலால் நடந்துவந்து நிற்கும் இன்னொருவரைவிடத் தெளிவான விளக்கம் எது? அச்சங்கம் இன்றும் அமெரிக்காவெங்கும் கிளை பரப்பி இயங்குகிறது.

நிற்க. இத்தகைய துணை ஆயுளை நீட்டுமா எனக் கேட்பவர் உளர். 1989இல் டேவிட் ஸ்பீகல் என்ற மனநோய் வைத்தியரும் அவருடன் பணியாற்றியோரும், பரவிய மார்பகப் புற்றுநோய் கொண்ட 86 பெண்களைப் பற்றிய ஓர் ஆய்வினை வெளியிட்டனர். வாரந்தோறும் கூடிப் பேசியோர் ஏனையோரிலும் ஏறத்தாழ ஒன்றரையாண்டு அதிகம் வாழ்ந்தனர் என்றது அது. உலகம் வியந்தது. ஆயின், 2001இற் கனடாவில் 235 பெண்களைக் கொண்டு செய்த ஆய்வில் ஆயுள் நீளவில்லை. பின்னர் ஸ்பீகல் தாமே செய்த ஆய்விலும் அம்முடிவு பொதுவாக உறுதிப்படவில்லை. எனினும் கனடாவின் ஆய்வு ஒன்றைக் காட்டிற்று: கூடிப் பேசியோரின் மனத்துயரும் உடல்நோவும் குறைந்தன, மிகுந்த துயரோடு வந்தவர்களே மிகுந்த பயனடைந்தனர். ஆகவே தோழமை நாள்களைக் கூட்டித் தரும் என்று நாம் சொல்லுதல் தகாது. இருக்கும் நாள்களைச் சுமக்கக்கூடியனவாக்கும் எனலாம். அதுவே எனக்குப் போதுமானதாயிருந்தது.

இனி, இனிப்பில்லாத பகுதியையும் சொல்லவேண்டும். செயற்கை வால்வில் இரத்தம் உறையாதிருக்க வாழ்நாள் முழுவதும் வார்ஃபரின் மாத்திரை உண்ணவேண்டும். இரத்தத்தை அடிக்கடி சோதித்து அளவைத் திருத்தவேண்டும். குறைந்தால் உறைவு; கூடினால் குருதிப்பெருக்கு. கீரையையும் முருங்கையிலையையும் ஒருநாள் மிகையாகவும் மறுநாள் இல்லாமலும் உண்டாலும் அளவு தளம்பும். இந்தத் தொல்லையினாற் சலித்திருந்த எங்களுக்கு, மூலிகைக் கஷாயம் ஒன்று மாத்திரையின் தேவையை நீக்கிவிட்டதாகக் குழுவில் ஒருவர் எழுதினார். அவர் பொய் சொல்லவில்லை. தமக்கு இன்னும் தீங்கு நேரவில்லை என்பதைச் சுகம் என்று மயங்கினார். அதனை நம்பி மாத்திரையை நிறுத்தினார் வவுனியாச் சகோதரி ஒருவர். வால்விலிருந்து புறப்பட்ட இரத்த உறைவு மூளையைத் தாக்கியது. உயிர் தப்பியது. வலக்கை விரல்கள் எழுத்துக்களைத் தட்ட மறுத்துவிட்டன. இன்று அவர் புதிதாகச் சேர்வோருக்குத் தம் குரலைப் பதிந்து அனுப்புகிறார்: "குளிசைய விட்டிடாதையுங்கோ. நான் விட்டனான்."

அந்த நிகழ்ச்சியின் பின் எங்கள் குழு ஒரு விதி வகுத்துக்கொண்டது. "எனக்கு இவ்வாறு நேர்ந்தது" என எவரும் சொல்லலாம். "நீங்கள் இவ்வாறு செய்யுங்கள்" என எவரும் சொல்லலாகாது. முன்னது சாட்சியம், பின்னது வைத்தியம். நோயாளி சாட்சியாக நிற்கும்வரை அவரைப்போல் உதவக்கூடியவர் இலர். வைத்தியராக வேடம் பூணும்போது அவரைப்போல் ஆபத்தானவரும் இலர். இன்னொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது: பேசுவோர் யாவரும் மீண்டவர்கள். எங்கள் குழுவிலும் இரண்டு பெயர்கள் சத்திரசிகிச்சைக்கு முந்திய நாளோடு மௌனமாகிவிட்டன. மீண்டவர் குரல்களை மட்டும் கேட்டு, எல்லாரும் மீள்வர் என முடிவு செய்வது பிழை. அந்த எண்ணிக்கைக்கு வைத்தியர் சொன்ன நூற்றுக்கணக்கையே கேட்கவேண்டும். சாட்சியும் கணக்கும் ஒன்றையொன்று விலக்குவனவல்ல.

இதனை இவ்விலக்கியப் பக்கத்தில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. சத்திரசிகிச்சைக்கு உடன்பட்டுக் கையெழுத்திட்ட அன்று, என் மொழியில் எனக்கு முன் இவ்வழியே சென்ற ஒருவரின் நான்கு பக்கக் குறிப்பேனும் கிடைக்காதா என ஏங்கினேன். நோயைப் பற்றிய அறிவுரைகள் தமிழிற் பல கிடைத்தன. நோயுற்றவர் கூற்று அரிதாயிருந்தது. நாம் நோயை மறைத்துப் பழகியவர்கள். மகளின் கலியாணம் குழம்பும், ஊர் கதைக்கும் என்று அஞ்சியவர்கள். எழுதத் தெரிந்த ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் தாம் பட்டதை உள்ளபடி எழுதிவைத்தால், அது இலக்கியமாகாவிடினும் ஒருவருக்குத் துணையாகும். சத்திரசிகிச்சை விடுதிகள்தோறும், தேறிய ஒருவர் வாரத்திற் சிறிது நேரம் வந்து அமர இடமளிப்பதற்குப் பெரும் பொருட்செலவும் வேண்டா. ஒரு கதிரை போதும்.

சென்ற வாரம், வால்வு மாற்றக் காத்திருக்கும் ஓர் இளைஞனை நானே தொலைபேசியில் அழைத்தேன். ஆபத்து எவ்வளவு என்று கேட்டான். அதனை வைத்தியரிடம் கேள் என்றேன். பிறகு தலையணையைப் பற்றியும் இரவில் கேட்கும் ஒலியைப் பற்றியும் சொன்னேன். சற்றுநேரம் பேசாதிருந்தவன், "உங்களுக்கு இப்பவும் கேக்குதே, சேர்?" என்றான்.

கேட்கிறது என்றேன்.