பழுப்புத் தண்ணீரும் பத்து ரூபாய் ஸ்டாம்பும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லும் சிவகிரி ஈரோட்டுப் பக்கத்துச் சிவகிரி அல்ல, தென்காசி மாவட்டத்துச் சிவகிரி. காலேஜில் ஊர்ப் பேரைச் சொன்னதும் வருகிற அடுத்த வசனம் எனக்கு மனப்பாடம். "மலையடிவாரம், கொஞ்ச தூரத்துல குற்றாலம். உங்களுக்கென்னப்பா தண்ணிக் கவலை!" சொல்கிறவர்களை எங்கள் வீட்டு அடுப்படிக்குக் கூட்டிப்போக வேண்டும். அங்கே ஸ்டூலின் மேல் இருபது லிட்டர் கேன் ஒன்று, சாமி படத்துக்குரிய மரியாதையோடு உட்கார்ந்திருக்கிறது.

கேன் வந்த கதை இது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தங்கைக்கு மஞ்சள் காமாலை. மூன்று வாரம் பள்ளிக்கூடம் கிடையாது. பத்தியச் சாப்பாடு, கீழாநெல்லி, ஆஸ்பத்திரி எல்லாம் ஆயிற்று. "வெளியில எங்கயாவது தண்ணி குடிச்சியாம்மா?" என்று டாக்டர் கேட்டார். பள்ளிக்கூடத்தில் குடித்தாள், கல்யாண வீட்டில் குடித்தாள், வீட்டுக் குழாயிலும் குடித்தாள். எந்தத் தண்ணீர் என்று இன்றுவரை தெரியாது. அவள் ரத்தத்தை மூன்று முறை சோதித்தார்கள். அவள் குடித்த தண்ணீரை யாரும் ஒரு முறைகூடச் சோதிக்கவில்லை. சோதியுங்கள் என்று நாங்களும் கேட்கவில்லை. கேன் வாங்க ஆரம்பித்தோம், அவ்வளவுதான்.

அந்த "அவ்வளவுதான்" மேல்தான் எனக்குக் கோபம்.

பி.காம். படிக்கிற புத்தி, கணக்குப் போடாமல் இருக்குமா? இரண்டு நாளைக்கு ஒரு கேன், விலை 35 ரூபாய். மாதம் 15 கேன், 525 ரூபாய். வருஷத்துக்கு 6,300 ரூபாய். குழாய் வரி தனி. ஒரே பொருளுக்கு இரண்டு தடவை காசு. மளிகைக் கடையில் இப்படி வாங்கினால் சண்டைக்குப் போயிருப்போம்.

அது போகட்டும். தெருக்கோடியில் பூக்கட்டும் ஆச்சியிடம் இந்த 6,300 கிடையாது. அவர் குழாய்த் தண்ணீரைத்தான் குடிக்கிறார். கேனுக்கு மாறிய ஒவ்வொரு வீடும் குழாயைப் பற்றிக் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறது. கடைசியில் கேட்பதற்கு மிஞ்சுவது ஆச்சி மட்டும். ஆச்சி ஒற்றை ஆளாகக் கேட்டால் யார் காதில் விழும்?

கேனுக்கு அடுத்த கட்டம் ஆர்.ஓ. மெஷின். விற்க வந்தவர் இரண்டு டம்ளர் கேட்டார். ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். இரண்டிலும் கம்பி வைத்த ஒரு கருவியை இறக்கி ஸ்விட்சைப் போட்டார். குழாய்த் தண்ணீர் பழுப்பாகி, சேறு மாதிரித் திரண்டுவிட்டது. "இதைத்தான் புள்ளைங்களுக்குக் குடுக்கீங்க" என்றார். அம்மா முகம் வெளிறிவிட்டது.

கெமிஸ்ட்ரி படிக்கிற நண்பனிடம் சொன்னேன். சிரித்தான். அது தண்ணீரில் இருந்த அழுக்கே இல்லையாம். இரும்புக் கம்பி கரைந்து வந்த துரு. தண்ணீரில் உப்பு கரைந்திருந்தால் மின்சாரம் பாயும், கம்பி கரையும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, அதனால் அப்படியே நிற்கும். அடுத்த வாரம் அதே ஆள் சித்தப்பா வீட்டுக்கு வந்தபோது நான் தயாராக இருந்தேன். அவருடைய ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு, "இப்பச் செய்ங்க அண்ணாச்சி" என்றேன். அதுவும் பழுப்பு! அண்ணாச்சி பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார் :-)

சிரிப்பு இருக்கட்டும். அவர் காட்டிய டி.டி.எஸ். மீட்டரும் உப்பின் அளவைத்தான் சொல்லும். ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி அது லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். கிருமியைப் பற்றி அந்த மீட்டருக்கு ஒன்றும் தெரியாது. சாக்கடை கலந்த தண்ணீருக்கு அது 300 காட்டக்கூடும். நல்ல கிணற்றுத் தண்ணீருக்கு 900 காட்டக்கூடும். நாம் பார்க்க வேண்டிய எண்கள் வேறு. அதே தரம் சொல்கிறது: 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. குழாயில் வரும்போது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும்.

ஏன் "மிச்சம்"? தொட்டியில் போட்ட குளோரின் வழியெல்லாம் செலவாகிக்கொண்டே வருகிறது. நம் ஊர்களில் தண்ணீர் நாள் முழுக்க வருவதில்லை. நின்றதும் குழாயில் அழுத்தம் போய்விடும். விரிசல் இருந்தால், வெளியே தேங்கிய சாக்கடையை உள்ளே இழுக்கும். மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறவர்கள் அந்த வேலையை இன்னும் சுலபமாக்குகிறார்கள். நாமும் யோக்கியமில்லை. தண்ணீர் ஏறவில்லை என்று வாசலில் குழி தோண்டிக் குழாயைத் தாழ்த்தி வைத்தோம். எங்கள் வீட்டிலும் குழி உண்டு. மழை பெய்தால் அதில் என்னவெல்லாம் மிதக்கும் என்று எழுத மாட்டேன்.

டெல்லியில் 1955 கடைசியில் இதுதான் பெரிய அளவில் நடந்தது. யமுனை வெள்ளத்துக்குப் பிறகு திசை மாறியதில், நஜஃப்கர் சாக்கடை நீர் குடிநீர் எடுக்கும் இடத்துக்கே வந்துவிட்டது. கூடுதலாகக் குளோரின் போட்டார்கள். டைபாய்டு பெருகவில்லை. ஆனால் பின்னாளில் ஹெபடைடிஸ் இ என்று பெயர் பெற்ற வைரஸ் தப்பித்து, சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலையைக் கொடுத்தது. ஆக, "குளோரின் போட்டாச்சு" என்பது முழுப் பதில் இல்லை. சாக்கடை கலக்கவே கூடாது.

பழைய கதை என்பவர்களுக்குப் புதியது ஒன்று. நாட்டின் சுத்தமான நகரம் என்று எட்டு முறை பரிசு வாங்கியது இந்தூர். அங்கே பாகீரத்புராவில் 2025 டிசம்பரில் குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்தது. நூற்றுக்கணக்கானோர் நோயில் விழுந்தார்கள், பலர் செத்தே போனார்கள். தெருவைக் கூட்டியதற்குக் கிடைத்த பரிசு, மண்ணுக்குள் ஓடும் குழாய்க்குச் சான்றிதழ் ஆகாது.

நம்மால் முடியாது என்றும் சொல்லாதீர்கள். இந்திய தர நிர்ணய அமைவனம் 2019 நவம்பரில் வெளியிட்ட முடிவில், மும்பையில் எடுத்த 10 குழாய்த் தண்ணீர் மாதிரிகளும் தேறின. சென்னையில் எடுத்த 10 மாதிரிகளும் தேறவில்லை. மும்பையிலும் பெரும்பாலான இடங்களில் சில மணி நேரம்தான் தண்ணீர் வருகிறது.

எங்கள் ஊர்த் தண்ணீர் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. நல்லதாகவே இருக்கலாம். எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதுதான் என் புகார். ஊர் ஊராக மேல்நிலைத் தொட்டியில் சுத்தம் செய்த தேதியைப் பெயிண்டில் எழுதுகிறார்கள். அதே மாதிரி, வாராவாரம் கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் எடுத்த குளோரின் அளவைப் பேரூராட்சி ஆபீஸ் வாசல் போர்டில் எழுதினால் என்ன? இரண்டு சொட்டு மருந்து விட்டு மஞ்சள் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கிற ஐந்து நிமிஷ வேலை. கிருமிச் சோதனைக்குக் குடிநீர் வடிகால் வாரியத்துக்கு ஆய்வகங்கள் இருக்கின்றன.

"கொதிக்க வச்சுக் குடிச்சாப் போதாதா?" என்பீர்கள். தாராளமாகச் செய்யுங்கள், கிருமி சாகும். ஆனால் குழாயைச் சரியாக வைக்க வேண்டியவர்களின் வேலையை ஆச்சியின் அடுப்பு ஏன் செய்ய வேண்டும்?

போன திங்கட்கிழமை தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு மனு போட்டேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மூன்று கேள்விகள்: கடந்த ஓராண்டில் எத்தனை முறை எங்கள் வார்டுக் குழாய்த் தண்ணீரைச் சோதித்தீர்கள்? எந்த இடத்தில்? முடிவு என்ன? பதில் சொல்ல 30 நாள் உண்டு. வந்ததும் நல்லதோ கெட்டதோ அப்படியே இங்கே போடுகிறேன். நீங்களும் உங்கள் ஊரில் இதே மூன்று கேள்வியைக் கேளுங்கள். மொத்தச் செலவு அரைக் கேன்கூட ஆகாது.